செடி சொன்ன பெயர்

தவசிமுத்து பொத்தானை அழுத்தினார். "ஜெனோவா" என்றது வலிமானி. மொட்டைமாடியில் கூடியிருந்த எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்க மாட்டார்களா பின்னே? தூத்துக்குடிக் கடலுக்குள் எழுந்திருந்த அந்தக் குடியிருப்பில் மண் என்பது கரையிலிருந்து கப்பலில் வரவேண்டிய பொருள். அந்த மண்ணைக் குவளை குவளையாகப் பங்கிட்டு, மாடி முழுக்கத் தக்காளி நாற்று வளர்த்தார்கள். அதில் ஒரு வரிசை திடீரென்று தலைதொங்கி வாடியது. எவரோ உப்புத்தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று ஆளாளுக்கு அடுத்த வீட்டைச் சந்தேகப்பட்டார்கள். லிஃப்டில் பேச்சு நின்றுபோயிற்று. வாளியோடு யாராவது மாடியேறினால் பின்னாலேயே இன்னொருவர் ஏறினார். கடைசியில் சங்கச் செயலாளர் தவசிமுத்துதான் வலிமானியை வாங்கி வந்து வைத்தார்.

செடிக்கு அடிபட்டால் தண்டுக்குள் மெல்லிய சொடுக்குச் சத்தம் எழும். நம் காதுக்கு எட்டாத அந்தச் சத்தம் வலிமானிக்கு எட்டும். அப்போது பக்கத்தில் யாருடைய அடையாளக் கைப்பட்டை இருந்ததோ அவருடைய பெயரைச் சொல்லிவிடும்; ஆளில்லாத நேரத்தில் சொன்னதைப் பிறகு பொத்தானை அழுத்திக் கேட்டுக்கொள்ளலாம். இது பொய்யே சொல்லாது என்று விற்றவன் சத்தியம் பண்ணினான். அதில் ஒரு குறையும் இல்லை, அது பொய் சொல்லவில்லைதான்.

ஜெனோவாவும் மறைக்கவில்லை. வாடிய வரிசையைத் தொட்டது அவள்தான். வலிமானி வந்த பிறகு அடுத்த வரிசையைத் தொட்டதும் அவள்தான். தப்புச் செய்தவர்கள்தானே பயப்பட வேண்டும் என்று நினைத்துவிட்டாள், பாவம். நாற்று குவளையை மீறிவிட்டது, அடித்துளையில் வேர் எட்டிப்பார்க்கிறது, பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள் என்று சங்கத்தில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் தானே மாற்றினேன் என்றாள்.

"வேரு உள்ளுக்குள்ள சுருண்டு கெடக்கு அண்ணாச்சி. அதைப் பிரிச்சுவிட்டு, தண்டைப் பாதிக்கு மேல மண்ணுக்குள்ள பதிக்கணும். கொஞ்ச நாள் வாடத்தான் செய்யும். வலிக்காம மாத்த முடியாது."

"அப்ப வலிக்க வச்சது நீதான்னு ஒத்துக்கிடுத," என்றார் தவசிமுத்து.

அதோடு விசாரணை முடிந்தது. ஜெனோவாவின் வெயில்படும் மேல்மாடி வீட்டைப் பறித்து, கடல்மட்டத்துக்குக் கீழே ஒரு வீட்டைக் கொடுத்தார்கள்; மொட்டைமாடிக்கு ஏறவும் தடை போட்டார்கள். அவள் மகள் ஷெரினுக்கு இளைப்பு, ஈரம் ஆகாது என்று கெஞ்சிப் பார்த்தாள். காலியான வீட்டில் தவசிமுத்துவின் மகன் குடும்பத்தோடு குடியேறினான். தற்செயலாம், நம்புங்கள்.

அவள் மாற்றிவைத்த இரண்டு வரிசையும் தலைநிமிர்ந்தன, பூத்தன, கொத்துக்கொத்தாய்க் காய்த்தன. மற்ற நாற்றுகளை மாற்ற எவருக்கும் துணிச்சல் வரவில்லை. அவை குவளைக்குள்ளேயே மஞ்சளடித்துக் குன்றிப்போய் நின்றன. வலிமானி வாயே திறக்கவில்லை. பார்த்தீர்களா, கருவி வந்த பிறகு எவ்வளவு அமைதி என்று தவசிமுத்து பெருமையடித்துக்கொண்டார்.

பழம் சிவந்ததும் முதல் பழத்தை அவரே பறித்தார்.

"தவசிமுத்து," என்றது வலிமானி.

சூடு பட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார். பறித்தால் வலிக்கத்தானே செய்யும் என்று சிரித்துப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவருடைய வீடும் மேல்மாடிதான், அது எல்லாருக்கும் நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் செடியைத் தொடவில்லை. பழங்கள் கனிந்து, உதிர்ந்து, அழுகி நாறின.

தவசிமுத்து கீழே இறங்கி வந்தார்.

"உன் பேரு ஏற்கெனவே கெட்டாச்சு. நீயே வந்து பறிச்சுத் தந்துரு தாயி."

"மேல்வீட்டைத் திருப்பித் தருவியளா? பிள்ளைக்கு மூச்சு முட்டுது."

"அதெப்படி? மிஷினு உன் பேரைத்தானே சொல்லும்."

ஜெனோவாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனால் உள்ளறையில் மகள் இருமிக்கொண்டிருந்தாள். பறிக்கும் நேரத்துக்காவது ஷெரின் மாடியில் வெயிலில் உட்காரலாம் என்று பேசி முடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பழத்துக்கும் வலிமானி அவள் பெயரைச் சொன்னது. சுற்றிலும் கூடையோடு நின்றவர்கள் தங்கள் பெயர் வராத நிம்மதியில் பழத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். ஷெரின் சுவரில் சாய்ந்து, அன்றுதான் இருமாமல் மூச்சுவிட்டாள்.

எல்லாரும் போன பிறகும் தவசிமுத்து போகவில்லை. குழந்தை வலியில் அழுதால் பக்கத்திலிருப்பவர் பெயரைச் சொல்லும் ஒரு வலிமானியை மருமகள் தொட்டிலிலும் மாட்டியிருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். வேலைக்காரியைச் சந்தேகப்பட்டு மாட்டியதாம்.

"நாளைக்குப் பேரனுக்குத் தடுப்பூசி. பெத்தவளே பிடிக்க மாட்டேங்கா. நீ வந்து பிடிச்சுக்கிடேன். உனக்குத் தெரிஞ்ச வீடுதானே, வெயில் நல்லா வரும். மவளையும் கூட்டிட்டு வா."