பேர் சொல்லாத விருந்தாளி

அடுப்பில் விறகு நன்றாக எரிந்துகொண்டிருந்தும் புருஷன் செல்லப்பாண்டியின் வாயிலிருந்து மட்டும் குளிருக்கு வருவதுபோல் ஆவி வந்தது. முருகேஸ்வரி தன் வாயால் ஊதிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

காலையிலிருந்து பூண்டு வயலில் குனிந்தே கிடந்த இடுப்பு விண்விண்ணென்று தெறிக்க, ஜன்னலை மேகம் அடைத்து நிற்க, தகரக் கூரையில் ஈரம் சொட்டிக்கொண்டிருக்க, அதற்கெல்லாம் நடுவே அவன் தன் தொடையில் விரலால் ஒரே அடியாக, நிதானமாகத் தட்டிக்கொண்டே இருந்தான். உடுக்கையில் அப்படி ஓர் அடி கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அவன் சாமியாடுவான், அவள் திருநீறு பூசிச் சாமியை அனுப்பிவைப்பாள். அவளுக்குத் தெரியாத அடியா?

போன் அடித்தது. உடுக்கைக்கார ஆண்டிச்சாமி.

"மதினி, அண்ணன் மேல வந்தது இன்னும் போகலை. இன்னைக்கு நாங்க ஆடப் போன முகாம நடத்துற அம்மா, சைபீரியா, கொரியா, நம்ம பூண்டி, எல்லாச் சாமியாட்டமும் ஒண்ணுதான்னு சொல்லி, நடுவுல பனி நாட்டு மேளத்தை அடிக்க விட்டாங்க. நம்ம கருப்பன் போயிட்டாரு. வேற என்னமோ வந்துருச்சு. எல்லாரும் கைதட்டிட்டுச் சாப்பிடப் போயிட்டாங்க!"

"அய்யோ, நான் இப்ப என்ன செய்ய?"

"பூசாரியக் கூட்டிட்டு வெரசா வர்றேன். அது பேரு சொல்லுற வரைக்கும் அனுப்பிராதீங்க."

அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஊரான் சாமியை அனுப்புவதும் என் தலையிலா? எதுவோ ஒன்று, போய்த் தொலைந்தால் கொஞ்சம் படுக்கலாம்.

"யாரு வந்திருக்கீங்க?"

தொண்டைக்கு அடியிலிருந்து ஏதோ உருண்டது. தமிழ் இல்லை. மறுபடி கேட்டாள். மறுபடி அதே உருட்டல். பிறகு ஒரு நொடி, கண்கள் அவனுடையவை ஆயின.

"முருகேசு... பொறு..."

திரும்பி வருகிறான்! அவள் பொறுக்கவில்லை. அள்ளிய திருநீற்றை அவன் நெற்றியில் அப்பினாள்.

"மலையேறிருங்க சாமி!"

தட்டல் நின்றது. உடம்பு துவண்டது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

வெளியே, மேட்டுச் சோலைக்குள்ளிருந்து, ஒரு குரல்.

"முருகேசு! என்னைய ஏண்டி போகச் சொன்ன?"

அவன் குரல்.

இன்னும் மேலே. இன்னும் தூரத்தில்.

"குளிருதுடி..."

அந்த உடம்புக்குள் தமிழ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவள் சொன்னது அவனுக்குத்தான் புரிந்தது.

கண்ணைத் திறந்தாள். அடுப்படியில் அந்த உடம்பின் வாயிலிருந்து இன்னும் ஆவி. அது நெற்றித் திருநீற்றை விரலால் வழித்தது. நக்கிப் பார்த்தது. அவளைப் பார்த்துக்கொண்டே, தொடையில் தட்டத் தொடங்கியது.