அட்டையில் இல்லாத கேள்வி

பர்னோவின் அம்மா ஓர் ஒட்டகச்சிவிங்கியிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

அது கைபேசிக்குள் இருந்த ஒட்டகச்சிவிங்கி. ஆங்கிலம் கற்றுத்தரும் செயலி ஒன்றை அப்பா இறக்கிக் கொடுத்திருந்தார். அதில் வரிசையாக அட்டைகள் வரும். படத்தைப் பார்த்து ஆங்கிலப் பெயரைச் சொல்லவேண்டும். தொட்டால் அட்டை திரும்பி விடையைக் காட்டும். பிறகு சிவப்பில் 'மறந்துவிட்டது', மஞ்சளில் 'கஷ்டம்', பச்சையில் 'சுலபம்' என்ற மூன்று பொத்தான்களில் ஒன்றை அமுக்கவேண்டும். மறந்த அட்டை உடனே திரும்பி வரும். சுலபமான அட்டை பல நாள் கழித்துத்தான் எட்டிப் பார்க்கும்.

"இந்தக் கழுத்துக்காரன் பேரு என்ன பர்னோ? நாக்கு நுனியிலயே நிக்குது" என்றார் அம்மா.

"நிக்கட்டும்மா. நானே சொல்லிட்டா நீங்க எப்போ கத்துக்கறது?"

அம்மா பெருமூச்சு விட்டு எதையோ அமுக்கினார். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு கேரட் நறுக்கப் போய்விட்டார்.

பர்னோ எடுத்துப் பார்த்தாள். 'இன்றைய அட்டைகள் முடிந்தன. வாழ்த்துகள்' என்றது கைபேசி. காலையில்தான் நூறு அட்டைக்கு மேல் இருந்தன. அதற்குள் எப்படி முடியும்? அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"அம்மா, எல்லாத்துக்கும் 'சுலபம்'னு அமுக்கியிருக்கீங்களா?"

கேரட் நறுக்கும் சத்தம் நின்றது. "அதை அமுக்கினாத்தானே அது போய்த் தொலையுது? 'மறந்துவிட்டது'ன்னு அமுக்கினா திரும்பத் திரும்ப வந்து மானத்தை வாங்குது."

பர்னோவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது.

பயத்துக்குக் காரணம் உண்டு. அம்மா ரயில் பெட்டி உதவியாளர். சமர்கந்திலிருந்து பாலைவனத்தைத் தாண்டிப் போகும் பழைய ரயிலில் அவருக்கு வேலை. போனால் திரும்பி வர நாலைந்து நாள் ஆகும். அந்த நாட்களில் அப்பாதான் சமையல். அப்பாவுக்குத் தெரிந்தது மக்ரோனி மட்டும், அதையும் அடிப்பிடிக்க வைப்பார். தம்பி ஜசூர் அம்மாவின் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்குவான். பர்னோ பெரியவள், அவளுக்குப் பத்து வயது. தலையணையெல்லாம் கேட்கமாட்டாள். ஆனால் ஜசூர் தூங்கிய பிறகு அதன் ஒரு மூலையை இழுத்து வைத்துக்கொள்வாள்.

இப்போது புகாராவுக்குப் புதிதாக ஒரு ரயில் விடுகிறார்கள். காலையில் போய் மாலையில் திரும்பிவிடும். அதில் வேலை கிடைத்தால் அம்மா தினமும் இரவு வீட்டில் இருப்பார். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வரும் ரயில் என்பதால் ஆங்கிலத்தில் பேசத் தெரியவேண்டும். அடுத்த மாதம் அதற்குத் தேர்வு.

"என் மண்டையில ஏறாதும்மா. விடு, பழைய ரயிலே போதும்" என்று அம்மா சொன்னார். அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை.

அன்று மாலை பக்கத்து வீட்டு மஸ்துரா பெரியம்மா வந்தார். குறை சொல்வதில் சமர்கந்திலேயே அவருக்கு நிகர் கிடையாது. வெயில் அடித்தால் வெயிலைத் திட்டுவார், நிழல் வந்தால் நிழலைத் திட்டுவார். ஆனால் மனம் வெண்ணெய்.

ஐந்து வயது ஜசூருக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அந்த அன்பில் அவனே தேநீர் ஊற்றினான். கிண்ணத்தின் விளிம்பு வரை, தளும்பத் தளும்ப ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினான்.

பெரியம்மாவின் முகம் சுருங்கியது. "ஏன்டா, நான் இன்னும் உக்காரவே இல்ல. அதுக்குள்ள கிளம்புன்னு சொல்றியா?"

பர்னோ பாய்ந்து வந்து கிண்ணத்தை வாங்கினாள். "மன்னிச்சுக்கங்க பெரியம்மா. அவனுக்குத் தெரியாது."

"என்ன தெரியாது? நான் நிறையத்தானே குடுத்தேன்?" என்றான் ஜசூர்.

"மண்டு. விருந்தாளிக்கு நிறைய ஊத்தினா, குடிச்சிட்டுப் போயிட்டு வாங்கன்னு அர்த்தம். கொஞ்சமா ஊத்தினாத்தான் இருங்கன்னு அர்த்தம். திரும்பத் திரும்ப ஊத்திக்கிட்டே இருக்கலாம்ல?"

புதுக் கிண்ணத்தில் பாதி ஊற்றிக் கொடுத்த பிறகும் பெரியம்மா உர்ரென்றே இருந்தார். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "எங்க ரயில்ல கத்தகுர்கான் ஸ்டேஷன்ல ஒரு அம்மா ஏறுவாங்க. அச்சு அசல் உங்க முகம். ஜன்னல் திறந்தா குளிருதும்பாங்க, மூடினா மூச்சு முட்டுதும்பாங்க. பச்சைப் பை, இடது கையில ரெண்டு மோதிரம், கீழ் படுக்கைதான் வேணும்."

பர்னோ நிமிர்ந்து பார்த்தாள். எப்போதோ வந்த பயணியின் மோதிரம்கூட அம்மாவுக்கு நினைவிருக்கிறது. ஒட்டகச்சிவிங்கியின் பெயர் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. ஏன்? ஒட்டகச்சிவிங்கி ஒருநாளும் அம்மாவின் ரயிலில் ஏறியதில்லையே.

"பெரியம்மா, அப்படியே இருங்க. சிரிச்சிடாதீங்க" என்று சொல்லிக் கைபேசியைத் தூக்கினாள்.

"எதுக்குடி படம் எடுக்கற?"

"நீங்க இப்போ கோபக்காரப் பயணி. எங்கம்மாவுக்கு அட்டை செய்யப்போறேன்."

அந்தச் செயலியில் சொந்தமாகவும் அட்டை செய்யலாம். பர்னோ பெரியம்மாவின் படத்தை முன்பக்கம் போட்டாள். பின்பக்கம், 'மன்னிக்கவும், இப்போதே சரிசெய்கிறேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினாள். மறுநாள் பள்ளியில் ஃபெரூஸா டீச்சர் அதைத் திருத்தி, தன் குரலிலேயே பதிந்தும் கொடுத்தார்.

அடுத்து தெருவே ரயிலானது. அப்பா நான்கு முலாம்பழங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் சிக்கி நின்றார். 'இடம் நிரம்பிவிட்டது' அட்டை தயார். ஜசூர் எக்கி நின்று தன் உயரத்தைக் காட்டினான். அது 'குழந்தைக்கு அரை டிக்கெட்'. அவனே படியிலிருந்து குதிக்கப் போனான். அது 'இறங்காதீர்கள், இங்கேயே இருங்கள்'. 'கடைசி நிலையம் வந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கள்' என்ற அட்டைக்கு அப்பா தூங்குவதுபோல நடிக்கவேண்டியிருந்தது. அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே தூங்கிவிட்டார்.

"இனிமே நீங்க பொத்தானைத் தொடக்கூடாது" என்றாள் பர்னோ அம்மாவிடம். "ஜசூர்தான் அமுக்குவான்."

"இவனா? இவனுக்கு எழுத்தே தெரியாதே."

"சிவப்பு, மஞ்சள், பச்சை தெரியும்ல? அது போதும்."

ஜசூர் லேசுப்பட்ட நீதிபதி இல்லை. அம்மா கொஞ்சம் திணறினாலும் சிவப்பை அமுக்கிவிடுவான்.

"டேய், நான் சரியாத்தான்டா சொன்னேன்."

"யோசிச்சீங்க."

"யோசிக்கக்கூடாதா?"

"பயணி இறங்கிப் போயிடுவாரு" என்பான் அவன், சிரிக்காமல்.

சிவப்பு அமுக்கிய அட்டை உடனே திரும்பி வந்தது. ஆனால் இப்போது அது அம்மாவின் மானத்தை வாங்கவில்லை. மஸ்துரா பெரியம்மா மறுபடி முறைத்தபடி வர, வீடே சிரித்தது. சிரித்துக்கொண்டே அம்மா பதில் சொன்னார். பெரியம்மாவும் விடவில்லை. தினமும் புதுப்புதுக் கோப முகங்களோடு வந்து, "இதையும் எடு, இது நல்லா இருக்கும்" என்றார்.

தேர்வு நாளன்று நிலையத்தில் புதிய ரயிலின் ஒரு பெட்டி தனியாக நின்றது. வேலை கேட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பெட்டியின் கதவு திறந்தே இருந்ததால் வீட்டு ஆட்கள் நடைமேடையில் நின்று பார்த்தார்கள். பர்னோ முண்டியடித்து முன்னால் போய் நின்றாள். பக்கத்திலேயே அப்பா, அவர் தோளில் ஜசூர்.

கதவை ஒட்டிய இருக்கையில் ஒரு வெளிநாட்டு அம்மாள் உட்கார்ந்திருந்தார். நாட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்று யாரோ சொன்னார்கள். தேர்வுக்குப் பயணியாக நடிப்பவர் அவர்தான். அவருக்கு எதிரே மீசைக்கார அதிகாரி ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

சவோதத் என்று அம்மாவின் பெயரைக் கூப்பிட்டதும் அவர் உள்ளே போனார்.

வெளிநாட்டு அம்மாள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார். குளிர்கிறது என்றார். அம்மா ஒரு நொடி அவரைப் பார்த்தார். அந்த முகத்தில் மஸ்துரா பெரியம்மாவைப் பார்த்துவிட்டார்போல. உதடு ஓரத்தில் சிரிப்பு வந்தது. "மன்னிக்கணும், இப்பவே சரி பண்றேன்" என்று ஆங்கிலத்தில் பளிச்சென்று சொல்லிக் குளிர்க்காற்றைக் குறைத்தார். குழந்தைக்கு டிக்கெட் எவ்வளவு? பதில் வந்தது. பயணப் பெட்டியை எங்கே வைப்பது? அதற்கும் வந்தது.

"பச்சை, பச்சை" என்று மேலே இருந்து முணுமுணுத்தான் ஜசூர்.

கடைசியாகத் தேநீர் கேட்டார்கள். அம்மா பழகிய கையால் ஊற்றி, நெஞ்சில் கை வைத்து நீட்டினார். கிண்ணத்தில் பாதி இருந்தது.

வெளிநாட்டு அம்மாள் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. "பாதிதான் இருக்கு. ஏன், தேநீர் தீர்ந்துபோச்சா?"

இது தேர்வுக் கேள்வி இல்லை. அவர் நிஜமாகவே கேட்டார். மீசைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இதற்கு அட்டை இல்லை. எல்லா அட்டையும் செய்த பர்னோ இதை மட்டும் விட்டுவிட்டாளே. யாருக்குத் தோன்றும்? தேநீரைப் பாதி ஊற்றியதற்கு ஊரில் யாரும் காரணம் கேட்டதே இல்லை.

"மன்னிக்கணும், இப்பவே சரி..." என்று ஆரம்பித்துத் தேநீர்க் குடுவையைத் தூக்கினார் அம்மா. கிண்ணத்தின் மேலே அது அப்படியே நின்றது. நிறைய ஊற்றினால் வேலை முடிந்துவிடும். ஆனால் ஊர் தேடி வந்த விருந்தாளியிடம் எழுந்து போ என்று எப்படிச் சொல்வது? அம்மாவின் கை இறங்க மறுத்தது.

'யோசிக்கறாங்க' என்று ஜசூர் வாயெடுக்கப் போனான். பர்னோ அவன் காலைப் பிடித்துக் கிள்ளினாள்.

அம்மா குடுவையைக் கீழே வைத்தார். கிண்ணத்தைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"அரைக் கிண்ணம்... இங்கேயே இருங்கள்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு விளிம்பில் விரலை வைத்தார். "நிரம்பிய கிண்ணம்... வீட்டுக்குப் போங்கள்."

கொஞ்சம் யோசித்து, அட்டையில் இல்லாத ஒன்றையும் சேர்த்தார். "நீங்கள் இருக்கவேண்டும். எனக்கு வேண்டும்."

அரை டிக்கெட் ஜசூர். நிரம்பிய வாசலில் அப்பா. படியில் ஜசூர். கடைசி நிலையத்தில் தூங்கும் அப்பா. நான்கு அட்டைகளிலிருந்து சொற்களை உருவி அம்மா தானே ஒரு பதில் செய்திருந்தார். பர்னோவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

வெளிநாட்டு அம்மாளுக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு முகம் முழுக்க மலர்ந்தது. கிண்ணத்தை ஒரே மடக்கில் காலி செய்து, இரண்டு கையாலும் நீட்டினார். "அப்படின்னா எனக்கு இன்னொரு அரைக் கிண்ணம்."

மீசைக்காரர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "சவோதத் அம்மா, திங்கட்கிழமை வந்து சீருடை வாங்கிக்கங்க."

நடைமேடையில் அப்பா போட்ட சீட்டிக்கு, தள்ளி நின்ற ரயிலின் ஓட்டுநர் பதறிப்போய் வெளியே எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது ஜசூர் கேட்டான். "அம்மா, அந்த டீ கேள்விக்கு என்ன அமுக்கட்டும்? பச்சையா?"

"மஞ்சள் அமுக்குடா. ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு" என்றார் அம்மா. சொல்லிவிட்டு, தெரு என்றும் பாராமல் பர்னோவை இழுத்து அணைத்துக்கொண்டார்.

மாலையில் மஸ்துரா பெரியம்மா சூடான ரொட்டியோடு வந்தார். அது சரியாக வேகவில்லை என்று அவரே குறையும் சொன்னார். அம்மா எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். அப்பாவுக்குப் பாதி. பெரியம்மாவுக்குப் பாதியை விடக் குறைவு.

பர்னோவின் கிண்ணத்தில் ஒரே ஒரு வாய்தான் இருந்தது.

"அக்காவுக்கு மட்டும் ஏன் இவ்ளோ கம்மி?" என்றான் ஜசூர்.

"சும்மா இருடா. ஊர்ப் பெரியவருக்குக்கூட இவ்வளவு மரியாதை நான் பாத்ததில்ல" என்றார் பெரியம்மா.

பர்னோ அந்த ஒரு வாயைக் குடித்துவிட்டு, கிண்ணத்தை மறுபடி நீட்டினாள். இரவில் அம்மா எங்கேயும் போகப் போவதில்லை. இனி எத்தனை முறை வேண்டுமானாலும் ஊற்றலாம்.