மூலைப் பலகை

துரைசாமியின் காலடியில் பலகை மெல்ல எழும்பித் தணிந்தது.

சோறு கொதிக்கும்போது பானை மூடி எழும்புமே, அப்படி. ஆனால் இந்தப் பலகைக்குக் கீழே கொதிப்பதற்கு எதுவுமில்லை. காலாங் ஆற்றங்கரையிலிருந்த அந்த ஐஸ் கம்பெனியின் தரை முழுவதும் ஒரே பெரிய தொட்டிதான்; உறைய மாட்டேனென்று அடம்பிடிக்கும் கடுங்குளிர் உப்புத்தண்ணீர், அதற்குள் வரிசை வரிசையாக அமிழ்ந்து நிற்கும் ஆளுயரத் தகரப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே கனத்த பலகை மூடி. ஆட்கள் அந்த மூடிகள் மேல்தான் நாளெல்லாம் நடந்தார்கள். பெட்டிக்குள் ஊற்றிய நல்ல தண்ணீர் இறுகியதும் சங்கிலியால் தூக்கி, சரிவுப் பலகையில் கவிழ்த்து, தேக்கா சந்தை மீன்கடைகளுக்கு லாரியேற்றி அனுப்புவார்கள்.

அவர் குனிந்து உள்ளங்கையை வைத்தார். மூலைப் பலகை கதகதப்பாக இருந்தது. தூங்குகிற ஆளின் முதுகைப் போல.

"காதர் பாய், இங்க வந்து தொட்டுப் பாருங்க."

சங்கிலி இழுக்கும் காதர் மைதீன் வந்து தொட்டார். தொட்ட கையைக் கைலியில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"கமிட்டியில சொல்லுங்க தம்பி," என்றார். "நான் இனிமே இதுல கால் வைக்கமாட்டேன் லா."

போன வருஷம் உளுத்த பலகையொன்று உடைந்து கோவிந்தசாமியின் கால் போனபிறகு வந்ததுதான் அந்தப் பாதுகாப்புக் கமிட்டி. முதலில் அது மானேஜர் அறையில் கோப்பி குடித்துக் கலைகிற கூட்டமாகத்தான் இருந்தது. தொழிலாளிகள் சார்பில் துரைசாமி உள்ளே போனதும் மாறியது. "இங்க உக்காந்து பேசி என்னங்க ஆகப்போவுது, தொட்டிமேல நடந்து பார்ப்போம்" என்று மானேஜர் டானைத் தோல் சப்பாத்துக் காலோடு நடத்திக் கூட்டிவந்தார். குறை என்னவென்று தெரிந்ததும் யார் சரிசெய்வது, எப்போதைக்குள் என்று அங்கேயே பேசி முடித்தார். குறை சொன்னவனை வேலைவாங்கும் மண்டோர் முறைக்கக்கூடாது என்று வாக்கு வாங்கினார். இயந்திர வாருக்குக் கம்பிவலை வந்தது, குளிரூட்டும் அம்மோனியா கசிந்தால் மாட்டிக்கொள்ள முகமூடி வந்தது. அதன்பிறகு ஒருவனுக்கும் நகக்கீறல்கூட இல்லை. சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் "கமிட்டிக்காரர் வர்றாரு" என்று இடம் விடுவார்கள். உள்ளுக்குள் அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

மூலைப் பலகையையும் அதே முறையில்தான் பார்த்தார். தகரக் கூரையின் சூடு இறங்குகிறது என்றார் இன்ஜினியர். மழை பெய்த நாளிலும் சுட்டது. புதுப் பலகை போட்டார்கள், அதுவும் சுட்டது. குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து முடுக்கினார்கள். மறுநாள் காலையில் சட்டம் வில்லாக வளைந்திருந்தது. மேல்நோக்கி.

"பெட்டியைத் தூக்கிப் பார்த்துடலாம்," என்று கமிட்டியில் சொன்னார் துரைசாமி. டான் உடனே தலையசைத்தார். மற்றவர்களும் கை தூக்கினார்கள். அவர் சொல்லி நடக்காததா! ஒருவராவது வேண்டாமென்று சொல்லக்கூடாதா என்று அவர் மனம் அடித்துக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை.

அன்று மத்தியானம் நல்ல மழை. தகரத்தில் விழுந்த இரைச்சலில் இயந்திரத்தின் ஓட்டமே கேட்கவில்லை. கூரை விளக்குகள் பனிப்புகைக்குள் மஞ்சளாகக் கரைந்துகிடந்தன. குறுக்கே கயிறு கட்டி எல்லாரையும் அப்பால் நிறுத்தியிருந்தார். மரத்தூள் அள்ளும் பூவம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்ணே. அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றாள்.

"பாக்காம விட்டா எப்படிம்மா? நாளைக்கு யாராச்சும் மிதிச்சா?"

பலகையை நகர்த்தினார். உப்புவாடையோ அம்மோனியா நெடியோ வரவில்லை. வியர்வையில் நனைந்த சட்டையின் வாசம் வந்தது. சங்கிலி மேடையில் நின்ற காதர் மைதீன் இழுக்க இழுக்க, சங்கிலி கிறீச்சிட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கியது; ஆடி ஆடி வந்தது; துரைசாமி கைகொடுத்துச் சரிவில் கவிழ்த்தார். ஐஸ் கட்டி வழுக்கி இறங்கி அவர் காலருகே நின்றது.

கண்ணாடி மாதிரிக் கட்டி. எல்லாக் கட்டிக்கும் நடுவில் வெள்ளைப் புகையாய் ஒரு தண்டு இருக்கும். இதிலும் வெள்ளை இருந்தது.

புகை இல்லை. தோள்பட்டை. காது. கட்டம் போட்ட கைலி.

முகம்.

துரைசாமி திரும்பினார். மேடையில் அதே முகத்தோடு காதர் மைதீன் உயிரோடு நின்றார், சங்கிலியும் கையுமாக.

"என்ன தம்பி? எனக்கு இங்கேர்ந்து தெரியல. உள்ள என்ன?"

துரைசாமி கட்டியை உடம்பால் மறைத்து நின்றார்.

"தம்பி?" காதரின் மூச்சு வெள்ளையாக வந்தது. "என்னமோ குளிருதே."

"பாய், சங்கிலிய விடுங்க! கீழ எறங்குங்க!"

"கை வரலை."

ஓடினார். ஏறினார். அந்த விரல்கள் இரும்போடு இரும்பாக இறுகியிருந்தன. பிரித்தார். பிரியவில்லை. மீசையில் பொடிப்பொடியாய் வெள்ளை. "வெந்நீர்! வெந்நீர் கொண்டாங்க!" வாளி வந்தது. ஊற்றினார். ஊற்றிய தண்ணீர் அந்தக் கைமேலேயே கண்ணாடியாய்ப் படிந்து நின்றது.

"அண்ணே, ஏதாச்சும் செய்யுங்கண்ணே!" கயிற்றுக்கு அப்பாலிருந்து பூவம்மா. எல்லார் கண்ணும் அவர்மேல். "நீங்கதானே கமிட்டி!"

என்ன செய்ய? யாரைக் கேட்க?

காதரின் கண்கள் அவரையே பார்த்தன. பார்த்துக்கொண்டே வெளுத்தன. மூச்சு நின்றது.

கீழே சொட்டுச் சொட்டாக ஒரு சத்தம். சரிவில் கட்டி உருகிக்கொண்டிருந்தது. வேகமாக. முகத்தில் நிறம் ஏறியது. உதடு சிவந்தது. கட்டி பிளந்து இரண்டாகச் சரிந்தது.

உள்ளிருந்தது எழுந்தது.

உடம்பிலிருந்து ஆவி பறந்தது. ஈரக் காலோடு பலகைகள்மேல் நடந்து வந்தது. யாரும் நகரவில்லை. துரைசாமியாலும் முடியவில்லை. மேடையேறி, அவரை உரசிக்கொண்டு நின்றது. சுட்டது.

உறைந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரிப்பதுபோல் பிரித்தது. காதரின் உடம்பைச் சுவரோரம் சாய்த்து வைத்தது.

பிறகு சங்கிலியைப் பிடித்து, அடுத்த பெட்டியைத் தூக்க ஆரம்பித்தது.