பவுடரில் விழுந்த தடம்

மூன்று நாளாகக் கூடத்தில் ஒரு வாடை. ஈர ரோமம் காய்கிற மாதிரி. கதவு பூட்டித்தான் இருக்கிறது, ஜன்னலில் வலை இருக்கிறது, ஆனாலும் காலையில் எழுந்து வந்தால் வாடை அவர்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது.

விலங்கியல் பேராசிரியருக்கு உள்ளூர சந்தோஷம்தான். 'விலங்குகள் ஏன் வந்த இடத்துக்கே திரும்பி வருகின்றன?' என்று, மைக்கும் பொன்னாடையும் கிடைக்கிற இடத்திலெல்லாம் ஒரு மணி நேரம் பேசுகிறவர். அதுவே வீடு தேடி வந்தால் விடுவாரா? படுக்கப்போகுமுன் கூடத்துத் தரை முழுக்கக் குழந்தையின் பவுடரைத் தூவினார்.

"பாப்பாவுக்கு வாங்கினதுங்க அது. வர்ற பிராணிக்கு மேக்கப்பா?" என்றாள் மனைவி.

"இது ஆராய்ச்சி. உனக்குப் புரியாது."

காலையில் தடம் இருந்தது. வாசற்கதவிலிருந்து கூடத்தின் மூலைவரை, ஒற்றை வரிசை.

"ரெண்டு கால்ல நடந்த மாதிரில்ல இருக்கு?"

"முன்னங்கால் வச்ச இடத்துலயே பின்னங்காலையும் வைக்கும். பூனை இனத்தோட வழக்கம்." குரல் வகுப்பறைக்குப் போய்விட்டது. "இன்னொண்ணு கவனி. புது இடம்னா செவுரை ஒட்டி மோந்துக்கிட்டே போகும். இது நேரா போயிருக்கு. முன்னாடியே வந்து பழகின இடம். அன்னிக்கு இங்க ஏதோ சாப்பிடக் கிடைச்சிருக்கு."

கைதட்டலுக்குக் காத்திருப்பவர்போல் நிமிர்ந்தார். மனைவி மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றுமில்லை. இரண்டு வருஷமாக ஒன்றுமில்லை.

"அங்கதானே பெரியவனோட தொட்டில் இருந்துச்சு," என்றாள்.

பெரியவன் ஆறு மாதம் இருந்தான். ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. சில குழந்தைகளுக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அதற்கான ஆங்கிலப் பெயரை உச்சரிப்புப் பிசகாமல் சொன்னவர் பேராசிரியர்தான்.

அன்று அவர் கல்லூரிக்குப் போகவில்லை. வாசற்கதவின் இடுக்கில் துணி திணித்தார். கூடத்தைத் துடைத்து மறுபடி பவுடர் தூவினார். உள்ளறையில் பாப்பாவை நடுவில் போட்டுக்கொண்டு, கதவைத் தாழிட்டுப் படுத்தார்கள்.

விடிந்ததும் தாழை நீக்கிக் கதவை அகலத் திறந்தார். வாசற்கதவில் துணி அசையவில்லை. இந்தத் தடவை தடம் மூலையிலிருந்தே கிளம்பியிருந்தது. நேராக வந்து, அவருடைய கால்விரலுக்கு ஒரு சாண் தள்ளி, உள்ளறையைப் பார்த்தபடி நின்றிருந்தது.

கதவை அடித்துச் சாத்தித் தாழிட்டார்.

வெளியே மழை. பாலம் முழுகிக் கிடக்கிறது, சாயங்காலம் வடிந்தால்தான் வண்டி வரும் என்றார் போனில் டாக்சிக்காரர். பகல் முழுக்க அந்த அறையிலேயே இருந்தார்கள். மிச்சப் பவுடரைக் கட்டிலைச் சுற்றிக் கோடாகக் கொட்டிவிட்டு, அவரும் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். பாப்பா பால் குடித்தாள், கட்டைவிரலைச் சப்பினாள், தூங்கிப்போனாள். இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போயிற்று.

வாடை.

"என்னங்க."

"ம்."

"ஊருக்கெல்லாம் சொல்வீங்களே. இப்ப சொல்லுங்க. என்ன பண்ணினா போகும்?"

ஒரு மணி நேரம் பேசுகிறவர் பாப்பாவின் போர்வையை இழுத்துவிட்டார்.

"தெரியலம்மா," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. அழ ஆரம்பித்தாள்.

பாப்பாவின் மூச்சை எண்ணிக்கொண்டு இருந்தார்கள். ஒன்று. இன்னொன்று. நடுவில் ரொம்ப நேரம். இன்னொன்று.

தெருவில் ஹாரன் சத்தம். கூடவே விளக்கும் எரிந்தது.

பவுடர்க் கோட்டைப் பார்த்தார். கலையவே இல்லை. கட்டிலைச் சுற்றி ஒரு கீறல் இல்லை. "வரலடி! உள்ள வரவே இல்ல!" என்று சிரித்தார். பாப்பாவைத் தூக்கக் குனிந்தார்.

கை பாதியில் நின்றது.

வந்த தடம் உண்டு. போன தடம்?

விடிந்ததும் இந்த அறைக் கதவை அகலத் திறந்தது யார்? கோடு போட்டது அதற்கப்புறம்தானே?

பாப்பாவின் கருநீலப் போர்வைமேல், நெஞ்சுக்கு நேராக, பவுடர் ஒட்டிய வெள்ளைத் தடம் ஒன்று. ஒன்றே ஒன்று.

அது இன்னும் அமுங்கிக்கொண்டிருந்தது.