வெளியே கொண்டி வைத்த காம்பரா

தப்பு சூடாக இருந்தது. ஒரு காலத்தில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு அடித்து, இப்போது சுவரில் மாட்டியிருந்த பழைய தப்பின் தோலில் தற்செயலாகக் கை வைத்த கஜேந்திரன், வைத்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். வட்டகொடைக்கு மேலே, பகலிலேயே மூடுபனி ஏறி இறங்கும் இந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் தோல் எப்போதும் ஈரம் குடித்துத் தொளதொளவென்று கிடக்கும். நெருப்பில் காட்டாமல் அதில் சத்தமே வராது. இங்கே நெருப்பும் இல்லை, காலையிலிருந்து கரண்டும் இல்லை.

"யாரு இதைத் தீயில காட்டுனது?"

"யாரும் காட்டலிங்க சார். நான் இப்பதானே கதவையே தொறந்தேன்," என்றாள் நிலக்ஷி. தோட்டத்துப் பாலர் பாடசாலை ஆசிரியை. மூன்று மாதமாக லயம் லயமாக ஏறி இறங்கி இந்த ஒற்றை அறைக் காம்பராவில் திறக்கவிருக்கும் அருங்காட்சியகத்துக்குச் சாமான் சேர்த்தவள் அவள்தான்.

பொய். லயத்து ஆட்கள் வாயைத் திறந்தால் பொய்தான் என்பது கஜேந்திரனின் முடிந்த முடிவு. அவர் ஓய்வுபெற்ற பள்ளி அதிபர், ஹட்டனில் மாடி வீடு உள்ளவர், எல்லாவற்றுக்கும் மேலாக வீரய்யா பெரிய கங்காணியின் பேரன். நாளைக் காலை ஒன்பது மணிக்குத் திறப்பு விழா. ‘எங்கள் தோட்டத்துப் பெரியோர்’ என்று பலகை எழுதியாகிவிட்டது. முந்நூறு பேரைக் கடல் தாண்டிக் கூட்டிவந்த தாத்தாவின் படம் நடுவில். பக்கத்தில் மருந்து கொடுத்த ஒரு டிஸ்பென்சர், ஒரு பாதிரியார், இரண்டு சங்கத் தலைவர்கள். மற்றவர்களுக்கு எதற்குப் படம்? கூடையும் கம்பளியும் கவ்வாத்துக் கத்தியும் மூலையில் கிடக்கின்றன. அவர்களுக்கு அது போதும்.

நிலக்ஷி போகாமல் நின்றாள். "ராக்காயி அம்மாயி படம் இந்தச் சட்டத்துலதானே சார் இருந்துச்சு?"

"சட்டம் நல்லா இருந்துச்சு. தாத்தா படத்தைப் போட்டுட்டேன்."

"அப்ப அவங்க படம்?"

அவர் தேயிலைப் பெட்டியைக் காலால் காட்டினார். பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்காக எடுத்த கிழவியின் படம் அதற்குள் குப்புறக் கிடந்தது.

"கொள்ளைக் காய்ச்சல் வந்த வருசம், தொரை கண்ணுல படக்கூடாதுன்னு பதினேழு பேரை இந்தக் காம்பராவுல போட்டு உங்க தாத்தா பூட்டுனாங்க. பெரட்டுல எல்லாரும் நிக்கிறப்ப வந்து கொண்டிய ஒடச்சது ராக்காயி அம்மாயி. சனங்க கேட்டது அவங்க படத்தைத்தான் சார்."

"கொழுந்து பறிச்சவளெல்லாம் பெரியவங்களா? ஒடச்சாளே, உள்ள ஒருத்தனாவது உசுரோட இருந்தானா?"

அவள் வாசலுக்கு வந்தாள். கதவின் வெளிப்பக்கத்தைப் பார்த்தாள். பூட்டுப் போட வசதியாக, பழைய ஆணித் துளைகளிலேயே போன வாரம் அவர் புதுக் கொண்டி அடித்திருந்தார்.

"நான் வாறேன் சார். அந்தத் தப்பை மட்டும் தட்டிப் பாக்காதீங்க. விடியக்காலம் தட்டுனா பெரட்டு. பொழுது சாஞ்சு தட்டுனா சாவு."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று முணுமுணுத்தபடி அவளை அனுப்பிவைத்தார்.

நாலரை மணிக்கே மூடுபனி வாசலை மூடிவிட்டது. நாளைக்குப் போட வைத்திருந்த தாத்தாவின் கறுப்புக் கோட்டை மாட்டினார், தலைப்பாகையைக் கட்டினார், வெள்ளிப்பூண் போட்ட பிரம்பை எடுத்தார். அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. படத்தின் கண்ணாடியில் தாத்தாவின் மீசைக்கு மேல் தன் முகம் தெரிய, மேடைப் பேச்சை ஒத்திகை பார்த்தார். "நான் வீரய்யா கங்காணி பேரன்." அறுபது வருடமாக எங்கே போனாலும் அவர் முதலில் சொல்லும் வாசகம் அது.

அப்புறம் அந்த வீம்பு. சாவாம், பெரட்டாம். பிரம்பின் நுனியால் தப்பில் மூன்று தட்டுத் தட்டினார்.

சத்தம் காம்பராவுக்குள் நிற்கவில்லை. வாசலைத் தாண்டி, தேயிலை மலை ஏறி, எங்கோ முட்டித் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு லயத்து நாய்கள்கூடக் குரைக்கவில்லை. ஈரக் கம்பளியின் வாடையும் வெற்றிலைச் சாறும், அவற்றுக்கு அடியில் பல நாள் குளிக்காத உடம்பின் புளித்த வேர்வையும் மெதுவாக உள்ளே வந்தன. பிறகு கால்கள். செருப்பில்லாத கால்கள், நிறைய, அவசரமில்லாமல், ஈரப் புல்லை மிதித்துக்கொண்டு. முப்பது வருடம் பள்ளிக்கூடம் நடத்தியவருக்கு அந்தச் சத்தம் தெரியும். வரிசை கட்டுகிறார்கள்.

"யாருடா அது? கூத்துக் காட்ட வந்தீங்களா?"

பனிக்குள் தலைகள் தெரிந்தன. சாக்கை மடித்துப் போட்ட தலைகள், வரிசை வரிசையாக. முகங்கள் தெரியவில்லை. முன்னால் நின்ற பெண்ணுக்கு மட்டும் முகம் இருந்தது. பெட்டிக்குள் கிடக்கும் கிழவியின் முகம், ஆனால் இளமையாக. அவள் அவரைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தாள், தலைப்பாகையைப் பார்த்தாள்.

"பெரட்டுக்கு ஆளு வந்தாச்சு, கங்காணி ஐயா. பதினேழு பேரு மட்டும் வரல. உள்ளதான் கெடக்காங்க. நீங்களே பாத்துக்குங்க."

கதவு நகர்ந்தது.

அவர் பாய்ந்தார். பலகையில் மோதினார். வெளியே புதுக் கொண்டி விழுந்து மாட்டிக்கொண்டது.

"நான் வீரய்யா இல்ல! எனக்கும் அந்தாளுக்கும் ஒண்ணுமே இல்ல!"

வாழ்நாளில் முதல் தடவையாக அதைச் சொன்னார். கேட்க ஆள் இல்லை. கால்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தன. கதவு இடுக்கில் வெளிச்சம் ஒரு நூலாக இருந்தது. அதுவும் போயிற்று.

பின்னால், தரையில், மூச்சு.

ஒன்றல்ல.

கோட்டின் விளிம்பை யாரோ பிடித்தார்கள். மெதுவாக. இழுக்கத் தெம்பில்லாத பிடி.

"தண்ணி... கங்காணியாரே..."

இன்னொரு கை கணுக்காலில். இன்னொன்று முழங்காலில். அவர் எண்ண ஆரம்பித்தார். எல்லாக் கைகளும் காய்ச்சலில் கொதித்தன. தப்பின் தோலில் இருந்த அதே சூடு.