இறாலுக்குச் சாட்சி

பாங்காக்கின் பாங்ராக் சந்தையில் அன்று சாட்சி நாள். கடைக்காரர்கள் எண்ணெயைக் காயவைத்துவிட்டு, அவரவர் கிழங்களைக் கூட்டிவந்து கல்லாப்பெட்டியைவிடப் பத்திரமாக உட்கார வைத்திருந்தார்கள்.

கடலில் வலை வீசத் தடை வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. மீனும் இறாலும் இப்போது திசுத்தொட்டியில் வளரும் தசைகள். எதற்கும் எந்தப் பெயரும் வைத்து விற்றார்கள். அதனால் அரசு சட்டம் போட்டது: அசலைத் தின்ற ஒருவர் ஆண்டுக்கொரு முறை ருசிபார்த்து ஒப்புக்கொண்டால்தான் பண்டத்துக்குப் பழைய பெயர். இல்லையென்றால் அது வெறும் புரதவட்டு. புரதவட்டை விலை கேட்டுத் திட்டக்கூட ஆள் நிற்காது.

மக்தூமா விற்பது தோட் மன் குங். அரைத்த இறாலைச் சட்டியில் அறைந்து அறைந்து, துள்ளும் பதம் வந்ததும் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது. அவளுக்கு மிஞ்சிய ஒரே சாட்சி, பழைய ரத்தினத் தரகர் பீரொலி ராவுத்தர். கூலி, தினமும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சுடச்சுட இரண்டு. கிழவரின் நாள் அதை நோக்கித்தான் நகரும்.

"மாமா, எங்க காயல்பட்டினத்துல இறால் இல்லாம விருந்தே இல்ல. உங்க ராவுத்தமாரு வீட்டுல, மார்க்கச் சட்டப்படி அது ஆகாதுல்ல?"

"ஆகாது."

"அப்ப தினமும் உள்ள போவுதே, அது என்னவாம்?"

"இது தொட்டியில வெளஞ்சது புள்ள. கடலையே பாக்காதது இறாலா?"

மக்தூமாவின் கரண்டி நின்றது. "அப்ப அசல எப்பத் தின்னீங்க?"

"எங்க கல்லுக்கடைக்கு எதிர்க்கடையில பொரிப்பான். தடை வர்ற வரைக்கும் பத்து வருசம் மோந்தேன். வாசம் அதேதான்."

"அல்லாவே! மெதுவாப் பேசுங்க, எங் கடைய மூடிருவாங்க!"

சாட்சி பதியும் அரசின் பறக்கும் கருவியான சாட்சிக்கண் மிதந்து வந்து அவர் முகத்துக்கு நேரே நின்றது. ராவுத்தர் ஒன்றைக் கடித்து, கண்ணை மூடி மென்று விழுங்கினார். ஒவ்வோர் ஆண்டும் அது கேட்பது, 'அதேதானா?' என்று மட்டும். இம்முறை கேள்வியை மாற்றியிருந்தார்கள்.

"நீங்கள் உண்டது இறாலா?"

மக்தூமா முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ராவுத்தர் தட்டையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். எந்த ரத்தினக் கல்லுக்கும் அவர் இவ்வளவு யோசித்ததில்லை.

"இறால்தான்."

பச்சை விளக்கு எரிந்தது. கண் அடுத்த கடைக்கு நகர்ந்தது.

மக்தூமா பெருமூச்சு விட்டு, பிளம் சட்னியோடு சுடச்சுட இரண்டை அவர் முன் வைத்தாள். ராவுத்தர் ஒருமுறை மோந்தார். பிறகு தட்டை மெல்ல அவள் பக்கமே தள்ளினார்.

"வேணாம் புள்ள. எங்க வீட்டுல இறால் ஆகாது."