உடைப்பில் உட்கார்ந்தவள்

மேற்கு மலைமுகட்டில் செங்கதிரோன் சாய்ந்துவிட்டான். கிழக்குக் கரைக்கு அப்பால் அடர்ந்து கிடந்த பனங்காட்டின் பின்னாலிருந்து ஆனி மாதத்து முழுநிலவு மஞ்சள் பூசிய முகத்தோடு எழுந்துகொண்டிருந்தது. கோடையில் வற்றி ஒடுங்கியும் கம்பீரம் குறையாத நாவலேரியின் நீர்ப்பரப்பு பாதி செம்பும் பாதி வெள்ளியுமாக உருகிக் கிடக்க, கூடு திரும்பும் நாரைகள் அதன்மேல் வெண்கோடு இழுத்தாற்போலப் பறந்து சென்றன.

வாசக அன்பர்களே! இந்த நிலவையும் நீரையும் இன்னும் இரண்டு பக்கம் வருணிக்கலாம்தான். ஆனால் அந்த நேரத்தில் ஏரிக்கரைமேல் ஓராயிரம் பேர் தலையில் மண்கூடையோடு நடந்துகொண்டிருந்தார்கள். தலையில் பாரம் இருப்பவனுக்கு நிலவு அவ்வளவு அழகாகத் தெரிவதில்லை. ஆகையால் நேரே அவர்களிடம் போவோம்.

மதகை ஒட்டிய வரிசையில், இடுப்பு வேட்டியை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டி, முதுகெல்லாம் மண்ணும் வியர்வையும் வழிய வந்துகொண்டிருந்த இளைஞன் பெயர் விடங்கன். நாடு நாடாகச் சென்று பழங்கதைகளைக் கேட்டுக் கூத்தாக ஆடுபவன் என்று சொல்லிக்கொண்டு, மூன்று மாதங்களுக்கு முன் நாவலேரி நாட்டுக்கு வந்தவன். கதை கேட்டது உண்மை. கூத்தன் என்றது பொய். அவன் வாள்மலை வேந்தரின் ஒற்றன்.

அவனை அனுப்பிய முதன்மந்திரி சொல்லியனுப்பியது இது: "ஒரு நாட்டை அறிய அதன் யானைகளை எண்ணாதே. அது தன் குழந்தைகளுக்கு என்ன கதை சொல்கிறது என்று கேள். கதையின் நாயகன் எவனோ, அவன் வழிவந்தவன்தான் அந்த நாட்டின் கழுத்து. கழுத்தைக் காட்டு, வெட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

அந்தக் கழுத்து இன்று கரையேறப் போகிறது. ஆனி முழுமதியன்று ஏரிக்கரை உயர்த்தும் வேலை முடியும் திருநாளில், கடைசிக் கூடை மண்ணை நாவலேரியை ஆளும் அரையர்தாம் சுமந்து கொட்ட வேண்டும் என்பது வழக்கம். முந்தைய அரையர் மறைந்து ஆண்டு இரண்டாகிறது. புதியவரின் முகத்தை வாள்மலையில் ஒருவரும் கண்டதில்லை. பனங்காட்டுக்குள் நாற்பது குதிரைவீரர்கள் மறைந்திருந்தார்கள். அரையர் கரையேறியதும் விடங்கன் பந்தம் ஏற்றி மும்முறை சுழற்றி, அரையரின் காலடியில் தாழ்த்திக் காட்ட வேண்டும். நிலவு பனந்தலைகளைத் தாண்டுவதற்குள் பந்தம் தெரியாவிட்டால் குதிரைகள் திரும்பிவிடும். அப்புறம் கழுத்து விடங்கனுடையதுதான்.

எண்ணெயில் ஊறிய பந்தம் மதகுத் தூணின் பின்னே தயாராக இருந்தது. நெருப்புக்கும் குறைவில்லை. பத்தடி தள்ளி, ஆள் இறங்கிக் குளிக்கத்தக்க பெரிய கொப்பரையில் கரையாட்களுக்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"கூத்தரே! உமது கழுத்து இன்னும் இருக்கிறதா, ஏரிக்குள் விழுந்துவிட்டதா?"

கேட்டவள் நல்லமங்கை. மதகு வரிசைக்கு மேற்பார்வை அவள்தான். முழங்கால்வரை சேறு, நெற்றியில் சேறு, சிரித்தால் மட்டும் பளிச்சென்று வெள்ளை.

"கழுத்து போய் நெடுநேரமாகிறது, நங்கையே. தலை மட்டும் உமது தயவில் நிற்கிறது" என்றான் விடங்கன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவனையே சுட்டது.

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல" என்றான் பின்னாலிருந்து கூழையன். ஆள் குள்ளம், மண்வெட்டிக் காம்பு அவன் தோளுக்கு நிற்கும். அந்த வட்டாரத்தில் அவனைப்போல் மண்வெட்ட ஆள் கிடையாது. "பதினெட்டுக் கூடைக்கு நாலு தரம் குந்தியாச்சு. அம்மா, இவரை மண்ணுக்கு வச்சுக்காதீங்க. கஞ்சிக்கு ஈ ஓட்ட வைங்க."

"ஈ ஓட்டினால் கஞ்சி மிஞ்சாது, கூழையா. கூத்தர் கதை கேட்டே ஒரு கலம் குடிப்பவர்."

வரிசை முழுக்கச் சிரித்தது. விடங்கனும் சிரித்தான். இந்த மூன்று மாதங்களில் அவன் சிரித்த அளவு, அதற்கு முந்திய முப்பது ஆண்டுகளில் சிரித்ததில்லை. உச்சிவெயிலில் எலுமிச்சையிலை கிள்ளிப்போட்ட மோரை நல்லமங்கை நீட்டிய நாட்களை எண்ணி எண்ணி, இரவில் ஓலை எழுத எடுத்த எழுத்தாணியை அவன் எத்தனையோ முறை கீழே வைத்திருக்கிறான். வைத்தாலும், மறுபடி எடுத்து எழுதியும் இருக்கிறான். அதை மறைப்பதற்கில்லை.

"அரையர் எப்போது கரையேறுவார்?" என்று, கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கேட்டான்.

"கதை முடிந்ததும். கதை சொல்லாமல் கடைசிக் கூடை விழாது" என்றாள் அவள். பிறகு அவன் தலையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். "சும்மாடு அவிழ்கிறது. கட்டிக்கொள்ளும்."

விடங்கன் தலைத்துணியை எடுத்து உதறி, முறுக்கி, வளையமாகச் சுற்றி மறுபடி வைத்துக்கொண்டான். பழகிய கை. யோசிக்கவே இல்லை.

தம்பட்டம் முழங்கியது. கூடைகள் இறங்கின. ஆயிரம் பேரும் கரைச்சரிவில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்தார்கள். கூழையன் மண்வெட்டியை ஊன்றியபடி விடங்கனுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"இந்த வருசம் கரைக்குப் புதுசா மண் சுமந்த ஆள்தான் கதை சொல்லணும். எந்திரிங்க கூத்தரே!"

விடங்கன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அவனுக்குத் தெரியாத கதையா? இந்தக் கதையை அவன் குயவரிடம் கேட்டான், வலைஞரிடம் கேட்டான், கோயில் பூசகரிடமும் கேட்டான். எழுந்து நின்று குரலெடுத்தான்.

"முன்னொரு காலத்தில் ஐப்பசி அடைமழையில் இந்த ஏரி பெருகியது. கரை உடைத்துக்கொண்டது. முதலில் நண்டு வளை அளவு, பிறகு ஆள் அகலம். கூடை கூடையாக மண்ணைக் கொட்டினார்கள். கொட்டிய மண்ணை வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. ஊரே கை ஓய்ந்து நின்றது. அப்போது, மண் சுமக்க வந்த பெண்ணொருத்தி கூடையைக் கீழே போட்டாள். உடைப்புக்குள் இறங்கினாள். வெள்ளத்துக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். 'மண்ணை என் மடிக்கு முன்னால் கொட்டுங்கள்' என்றாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருவன். விடியும்வரை எழுபது முதுகுகள் வெள்ளத்தைத் தாங்கின. மண் நின்றது, கரை நின்றது. காலையில் முதலில் உட்கார்ந்தவள் எழுந்து, மரத்துப்போன காலை உதறிவிட்டுக் கேட்டாள்..."

"கஞ்சி இருக்கா?" என்று ஆயிரம் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். கரை அதிரச் சிரித்தார்கள்.

"அவள் பெயர்..." என்று தொடங்கிய விடங்கன் நின்றுவிட்டான்.

அந்தப் பெயர்தான் அவனை மூன்று மாதமாக அலைக்கழித்தது. குயவர் ஒரு பெயர் சொன்னார், வலைஞர் ஒரு பெயர் சொன்னார், பூசகர் இன்னொன்று சொன்னார். இருபத்துமூன்று பேரிடம் இருபத்துமூன்று பெயர்கள். 'இந்நாட்டார் தம் தெய்வத்தின் பெயரை மறைக்கிறார்கள். உள்ளுக்குள் பிளவுபட்டவர்கள்' என்று அவன் வாள்மலைக்கு எழுதிய ஓலை இந்நேரம் மந்திரியின் பெட்டியில் இருக்கும்.

"எந்தப் பெயரைச் சொல்வது?" என்று தடுமாறினான்.

"இதென்ன கேள்வி?" என்றான் கூழையன். "ஒங்க ஆத்தா பேரைச் சொல்லுங்க. யார் கதை சொல்றாங்களோ அவங்க ஆத்தா பேருதான். அன்னைக்கு முதல்ல உக்காந்தது யாருன்னு எவனுக்குத் தெரியும்? இருட்டு, மழை வேற."

அன்பர்களே! ஒற்றர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் யாரும் மறைக்காத ஒன்றைக் கண்டுபிடிப்பது அவர்களுக்கு மிகவும் கடினம். இருபத்துமூன்று பெயர்களும் இருபத்துமூன்று தாய்மார்கள் என்பது, எந்தக் குழந்தையைக் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். விடங்கன் கேட்கவில்லை. தெய்வத்துக்கு ஒரு பெயர்தான் இருக்க முடியும் என்று நம்பும் நாட்டில் வளர்ந்தவன் அவன்.

அவன் நாட்டிலும் ஒரு கதை உண்டு. முதல் வேந்தன் வாளை ஓங்கி மலையைப் பிளந்தான், பிளந்த பாறைகள் தாமே உருண்டு வந்து கோட்டையாக நின்றன என்பது அது. ஆண்டுதோறும் அந்த வாளுக்குப் பாலாபிஷேகம் நடக்கும். விடங்கன் சிறுவனாக இருந்தபோது கோட்டையின் மேற்கு மதில் சரிந்தது. அதைத் திரும்பக் கட்டக் கல் சுமந்தவர்களில் அவன் தாயும் ஒருத்தி. வைகாசி வெயிலில், படிக்கட்டின் நடுவே, தலையில் சுமந்த கல்லோடு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த திருநாளில், வாளின் மகிமையால் மதில் மீண்டும் எழுந்தது என்று புலவர்கள் பாடினார்கள். எல்லாக் குழந்தைகளோடும் நின்று விடங்கனும் அதைப் பாடினான். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அதில் அவன் தாய்க்கு இடமில்லை, அவ்வளவுதான்.

நிலவு பனைகளின் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது.

கூத்தனுக்கென்று மந்திரி புனைந்து கொடுத்த தாயின் பெயர் ஒன்று இருந்தது. பல முறை பழகிய பெயர். விடங்கன் வாயைத் திறந்தான். அந்தப் பெயர் வரவில்லை.

"அவள் பெயர்... வெள்ளச்சி" என்றான். தொண்டை அடைத்தது.

"வெள்ளச்சி!" என்று ஓராயிரம் தொண்டைகள் திரும்பச் சொல்லின. அதுவும் வழக்கம். ஏரியின் அக்கரையில் மோதி அந்தப் பெயர் திரும்பி வந்தது. வாள்மலையில் அவன் தாயைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் மூன்றே பேர். கூலிக்காரர்களை மேய்த்த கங்காணி "ஏய்" என்றுதான் கூப்பிடுவான்.

கூட்டம் எழுந்தது. கடைசிக் கூடையில் மண் நிரப்பினார்கள். தலையில் வாங்க யார் வரப்போகிறார்கள் என்று விடங்கன் கரையின் இரு பக்கமும் பார்த்தான். பல்லக்கு வரவில்லை. குடை வரவில்லை. நல்லமங்கை சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து குனிந்தாள். இருவர் கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார்கள். கூட்டம் தலை தாழ்த்தியது.

விடங்கனின் கால்கள் தாமே மதகுத் தூணுக்குச் சென்றன. கை தானே பந்தத்தை எடுத்தது.

மண்ணைக் கொட்டிவிட்டு நல்லமங்கை அவனிடம் வந்தாள். அவன் கையிலிருந்ததைப் பார்த்தாள். பனங்காட்டையும் பார்த்தாள்.

"எத்தனை குதிரைகள்?"

"நாற்பது" என்றான் அவன். "அரையர் தாங்கள்தாம் என்று எனக்குத் தெரியாது."

"நீர் வாள்மலைக்காரர் என்று எனக்கு முதல் நாளே தெரியும். எங்கள் பக்கத்தில் சும்மாட்டை வலமாகச் சுற்றுவோம். இடமாகச் சுற்றி நுனியை உள்ளே செருகுவது வாள்மலைக் கல்சுமைப் பெண்கள் வழக்கம். கூத்தாடிக்கு அது எப்படி வரும்? தாய் சொல்லிக் கொடுத்தால்தான் வரும்."

"தெரிந்துமா இத்தனை நாள் மோர் கொடுத்தீர்கள்?"

"மண் சுமப்பவருக்கு மோர் கொடுக்காமல் இருக்க முடியுமா?" அவள் குரல் தணிந்தது. "அந்த இடத்தில் நீர் என்ன பெயர் சொல்வீர் என்று கேட்க வேண்டியிருந்தது எனக்கு."

"பொய்ப்பெயர் சொல்லியிருந்தால்?"

"பொய்ப்பெயர் சொல்பவனுக்குத் தொண்டை அடைக்காது. கூழையன் உமக்குப் பின்னால் மண்வெட்டியோடு நின்றது கரை திருத்தவா என்று நினைத்தீர்?"

விடங்கன் திரும்பினான். கூழையன் மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு, "எனக்கும் மனசில்லைதான்" என்றான். "நல்லாக் கதை சொன்னீங்க."

நிலவின் கீழ்விளிம்பு பனந்தலைகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. விடங்கன் கொப்பரை அருகே சென்றான். பந்தத்தை அடுப்பின் அடிவரைக்கும் திணித்தான். எண்ணெய் பிடித்து நெருப்பு சீறியது, கஞ்சி பொங்கியது. அடுப்புக்கு நல்ல விறகு கிடைத்தது என்பதைத் தவிர, பனங்காட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேறொன்றும் தெரிந்திராது. சற்றைக்கெல்லாம் நிலவு பனைகளைவிட்டு விலகி ஏரிமேல் மிதந்தது. அக்கரையில் குளம்போசை கிளம்பி, தேய்ந்து, இல்லாமற்போயிற்று.

"மழைக்காலத்துக்குள் நாற்பதுக்குப் பதில் நாலாயிரமாக வருவார்கள், அரையரே."

"வரட்டும். உடைப்பு அகலமானால் வரிசை நீளும்."

அவன் புதிதாகக் கொட்டிய ஈரமண்ணில் ஒரு பிடி அள்ளினான். அதை அவள் காலடியில் வைத்து, இரண்டு கைகளையும் அதன்மேல் பதித்தான்.

"வெள்ளச்சி மகன் விடங்கன் சொல்கிறேன். இந்தக் கரை எங்கே உடைந்தாலும், எந்த வெள்ளம் வந்தாலும், தங்களுக்கு அடுத்த இடம் எனது. என் முதுகு இருக்கும்வரை."

நல்லமங்கை குனிந்து, சேறு படிந்த கையால் அவன் கையைப் பற்றித் தூக்கினாள். தூக்கிய பின்னும் விடவில்லை.

"அடுத்த இடம் சரி. முதல் இடம் எனக்குத்தான் என்று யார் சொன்னது? முந்துகிறவர் உட்காரட்டும்."

விடங்கன் மரத்துப்போன காலை உதறினான். காலை முதல் பட்டினி. மனதைவிட்டுக் கோட்டையும் வேந்தரும் போனபின் வயிறு நினைவுக்கு வந்திருந்தது.

"கஞ்சி இருக்கா?" என்றான்.